தெரிஞ்ச ஆள்தான், பயப்படத் தேவையில்லை

எங்கட பெரியம்மா வீட்டு முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே ஒரு கார் நிற்கிறது. வெள்ளை நிற ஹொண்டா சீ.ஆர்.இசட். இரண்டே கதவு. நீலத் தறப்பாளால் மூடிக் கயிறு போட்டுக் கட்டியிருக்கு. மத்தியான வெயிலுக்குக் கோழிகள் அதுக்குக் கீழேதான் படுக்கும். அண்ணா அந்தப் பக்கம் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவார்.

அந்தக் காரை வாங்கினது 2022 தொடக்கத்தில். சுவிஸில் இருக்கிற சித்தப்பா அனுப்பின காசு கொஞ்சம், பெரியம்மாவின் காப்புகளை அடைவு வைத்த காசு கொஞ்சம், மிச்சம் அண்ணா ஐந்து வருசம் சேர்த்தது. விற்ற ஆள் அண்ணாவின் கூட்டாளியின் மச்சான். வாங்குகிற அன்று வீட்டில் எல்லாரும் சொன்ன வசனம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு: "தெரிஞ்ச ஆள்தான், பயப்படத் தேவையில்லை."

போன மாதம் என்ர பட்ச் பொடியன் ஒருத்தன் கன்ரீனில் வந்து இருந்தான். "ஒரு ஸ்பொட்ஸ் கார் பார்த்து வச்சிருக்கிறன். நீ ஒருக்கா வந்து பாரன்" என்றான். ஆர் விக்கினம் என்று கேட்டேன். "அம்மாவின்ர சொந்தம். தெரிஞ்ச ஆள்தான்."

எனக்கு உடனே மாமரம்தான் கண்ணுக்குள்ள வந்தது.

இந்தக் கட்டுரை அவனுக்காக எழுதத் தொடங்கினது. அவன் மட்டும் இல்லை, எங்கட வயதில் கனபேர் இப்ப இந்த நினைப்போடு திரிகிறீர்கள் என்று தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். திறந்தாலும் வரியோடு சேர்த்து வருகிற விலையைப் பார்த்தால் புதுக் கார் எங்களுக்கு இல்லை என்று விளங்கும். ஆகவே எங்களுக்கு வாய்ப்பது பாவித்த கார்தான், அதுவும் மூன்று நான்கு கை மாறினது.

முதலே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். ஆசைப்படுவது பிழை என்று நான் எழுத வரவில்லை. "ரெண்டு பேர் இருக்கிற காரில அரிசி மூட்டை ஏத்தேலுமோ?" என்று கேட்கிற பெரியாக்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். வளைவில் வடிவாகத் திரும்புகிற ஒரு காரை ஓட்ட ஆசைப்படுவது, நல்ல வயலின் ஒன்றை வாசிக்க ஆசைப்படுவது போலத்தான். என்ர கோபம் ஆசையோடு இல்லை. சந்தேகம் கேட்பதை மரியாதைக் குறைவு என்று நினைக்கிற எங்கட பழக்கத்தோடுதான்.

அண்ணாவின் கதையையே உதாரணமாக எடுக்கிறேன். என்ன பிழைத்தது என்று ஒவ்வொரு படியாகப் பார்த்தால், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தானாக விளங்கும்.

சீ.ஆர்.இசட் 2010இல் ஜப்பானில் வந்தது. அந்த வருசத்தின் ஜப்பான் கார் விருதையும் எடுத்தது. 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின், அதோடு ஒரு சின்ன மின்மோட்டார். ஹைபிரிட் கார்களுக்கு இங்க வரி குறைவாக இருந்த காலத்தில் இலங்கைக்குள் கொஞ்சம் வந்தன. தோற்றத்தில் முழு ஸ்பொட்ஸ் கார். பின்சீற்றில் பள்ளிக்கூடப் பை மட்டும்தான் வசதியாக இருக்கும். அண்ணாவினது பழைய மொடல், நிக்கல் பற்றரியோடு வந்தது. 2012 கடைசியில் மாற்றம் செய்த பிறகு வந்தவற்றில் லித்தியம் பற்றரி. இரண்டும் வெளியில் பார்க்க ஏறக்குறைய ஒரே கார்தான். ஆனால் பற்றரி வேறு, மோட்டாரின் பலம் வேறு, விலையும் வேறாக இருக்க வேண்டும். அண்ணா கேட்டது "என்ன நிறம்?" என்றுதான்.

கார் வந்து நின்ற அன்று வீதியே கூடினது. புத்தகத்தை ஒருத்தரும் விரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விற்றவரின் பெயர் அதில் இல்லை என்று தெரிந்திருக்கும். அவரும் கம்பஹாவில் ஒருவரிடம் 'ஓப்பன் பேப்பரில்' வாங்கினவர். பெயர் மாற்றாமல், பழைய உரிமையாளர் கையெழுத்து வைத்த படிவத்தோடு வாகனம் கைமாறுவதைத்தான் அப்பிடிச் சொல்லுவம். மாற்றச் செலவு மிச்சம், விற்கேக்க சுகம் என்று எல்லாரும் செய்கிறார்கள். அண்ணாவிடம் வந்த படிவத்தில் கையெழுத்து ஒரு மாதிரி, புத்தகத்தோடு இருந்த அடையாள அட்டைப் பிரதியில் கையெழுத்து இன்னொரு மாதிரி. அது தெரிய வந்தது பிறகு.

2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். வந்தது. கார் ஒன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அண்ணா வாகன இலக்கத்தைப் போட்டால், ஏற்கனவே வேறு ஒருவரின் அடையாள அட்டையில் பதிவாகி இருக்கு என்று வந்தது. காரின் முந்தின உரிமையாளர் அப்ப நாட்டிலேயே இல்லை. விற்றவர் போன் எடுக்கவில்லை. தெரிஞ்ச ஆள்தான்.

கார் மாதக்கணக்கில் நின்றது. ஹைபிரிட் காரை ஓடாமல் நிற்பாட்டி வைத்தால் என்ன நடக்கும் என்று எங்கட வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. பற்றரி தானாக மெல்ல மெல்ல இறங்கும். உள்ளே இருக்கிற கலங்கள் எல்லாம் ஒரே அளவில் இறங்காது. ஒன்று கூட, ஒன்று குறைய. பிறகு ஓடத் தொடங்கினாலும் பலவீனமான கலம்தான் முழுப் பற்றரியையும் கீழே இழுக்கும். யாழ்ப்பாணத்து வெயிலும் அதுக்கு உதவி இல்லை.

இதில் இன்னொரு விசயம் இருக்கு. யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. கோண்டாவிலில் இருந்து ஆனையிறவு வரைக்கும் ஓடினாலும் கார் ஒரு ஏற்றத்தைக் காணாது. மின்மோட்டாருக்குப் பெரிய வேலை இல்லாதபடியால் பற்றரியின் வருத்தம் வெளியில் தெரியாது. அடுத்த வருசம் ஒருமாதிரி எரிபொருள் எடுக்க வழி கிடைத்து, அண்ணா கூட்டாளிமாரோடு கண்டிக்குப் போனார். கடுகண்ணாவை ஏற்றத்தில் பற்றரி அளவுகோடு பாதியில் இருந்து ஒரேயடியாகக் கீழே விழுந்தது. பிறகு எச்சரிக்கை விளக்கு. கார் இழுக்காமல் பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டினான்.

திரும்பி வந்து பற்றரி மாற்ற விலை கேட்டார்கள். அன்றைக்கு இரவு அண்ணா சாப்பிடவில்லை. விற்போம் என்றால் புத்தகம் அவர் பெயரில் இல்லை. திருத்துவோம் என்றால் காசு இல்லை. அப்பதான் தறப்பாள் வாங்கினார்கள். காப்புகள் இன்னும் அடைவுக் கடையில்தான்.

ஆகவே என்ர முதலாவது கருத்து இதுதான்: காரைப் பார்க்க முதல் கடதாசியைப் பாருங்கோ. நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறேன். ஒரு ஆவணம் கையில் வந்தால் ஆர் எழுதினது, எப்ப எழுதினது, ஏன் எழுதினது என்று கேட்கச் சொல்லித்தான் எங்களுக்கு முதல் வருசத்தில் படிப்பிக்கிறார்கள். வாகனப் புத்தகமும் ஒரு ஆவணம்தான். விற்கிற ஆளின் அடையாள அட்டையும் புத்தகத்தில் இருக்கிற பெயரும் ஒன்றா? லீசிங் கொம்பனி ஒன்றின் பெயர் முழு உரிமையாளர் என்று பதிந்திருக்கா? இருந்தால் கடன் முடிந்ததுக்குக் கடிதம் இருக்கா? எஞ்சின் இலக்கமும் சேஸி இலக்கமும் காரில் அடித்திருக்கிறதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துதா? சேஸி இலக்கம் அந்த மொடலில் எந்த இடத்தில் அடித்திருக்கும் என்று முதலே தேடிப் பார்த்துக்கொண்டு போங்கோ. அந்த இடத்தில் தேய்த்த அடையாளமோ, சுற்றி மட்டும் புதுப் பெயின்ற்றோ இருந்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டை வாங்கோ. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகனத்தின் பதிவு விபரத்தை எடுத்துப் பார்க்கலாம். அதுக்குக் கட்டுகிற காசு, நீங்கள் அந்தக் காருக்குக் கொடுக்கப் போகிற காசில் ஒரு பொட்டு.

பெயரை மாற்றித் தராத வாகனத்தை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதேங்கோ. மலிவுக்குக் காரணமே அதுதான்.

இரண்டாவது, ஜப்பான் ஏலத்தாள். இங்க இருக்கிற இந்த மாதிரிக் கார்களில் கன கார்கள் அங்க பாவித்து ஏலத்தில் வாங்கி வந்தவை. ஏலத்தாளில் காரின் படம் கீறி, எங்கெங்கே என்ன காயம் என்று குறித்திருப்பார்கள். 'ஏ' என்றால் கீறல், 'யூ' என்றால் நெளிவு, 'டபிள்யூ' என்றால் தட்டித் திருத்திய இடம், 'எக்ஸ்எக்ஸ்' என்றால் மாற்றிய பாகம். தரப் புள்ளிக்குப் பதிலாக 'ஆர்' என்று இருந்தால் அது விபத்தில் அடிபட்டுத் திருத்தின கார். அதில் கிலோமீற்றரும் இருக்கும். ஏலத்தாளில் இருக்கிறதை விட இப்ப மீற்றரில் குறைவாக இருந்தால் விளக்கம் கேட்கத் தேவையில்லை. ஆனால் ஒன்று, அந்தத் தாள் ஜப்பானில் முடிந்த கதையைத்தான் சொல்லும். அதுக்குப் பிறகு இங்க ஓடின பத்துப் பன்னிரண்டு வருசத்துக் கதையைக் காரிட்டத்தான் கேட்க வேணும்.

காரிட்ட எப்பிடிக் கேட்கிறது?

காலையில் போங்கோ. "வெளிக்கிட முதல் சொல்லுங்கோ, நான் ஸ்ராட் பண்ணி வைக்கிறன்" என்று சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கோ. போனவுடனே போனற்றில் கையை வைத்துப் பாருங்கோ. சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லலாம். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை சொல்லும். ஸ்ராட் பண்ணேக்க பின்னால் ஒருத்தர் நிற்க வேண்டும். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயிலைக் குடிக்கிறது. அடர்ந்த வெள்ளைப் புகை வந்து கலையாமல் நின்றால் குளிரூட்டும் தண்ணி உள்ளே போகிறது. ஒயில் ஊற்றுகிற மூடியின் உள்பக்கத்தில் பால் தேத்தண்ணி நிறத்தில் களி இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

ஹைபிரிட் என்றால் பற்றரியை வேலை வாங்கிப் பாருங்கோ. மலை இல்லாவிட்டால் என்ன, வெறுமையான ஒரு நேர் ரோட்டில் வேக எல்லைக்குள்ளேயே நாலைந்து தரம் மெதுவாக்கி, திரும்ப ஒரேயடியாக அழுத்துங்கோ. அளவுகோடு மெல்ல இறங்கி மெல்ல ஏற வேண்டும். படியில் இருந்து விழுந்த மாதிரி இறங்கினால் பற்றரிக்கு வயது வந்துவிட்டது. பத்து நிமிச ஓட்டத்தில் இது தெரியாது. அரை மணித்தியாலம் கேளுங்கோ. ஓட்டோமற்றிக் என்றால் நின்ற இடத்தில் இருந்து மெல்ல எடுக்கேக்க உதறுதா என்று கவனியுங்கோ. மனுவல் என்றால் உயர்ந்த கியரில் மெதுவாகப் போய் அழுத்திப் பாருங்கோ. எஞ்சின் கத்த, கார் அதே வேகத்தில் போனால் கிளட்ச் முடிந்தது.

பிறகு உடம்பு. இது ஸ்பொட்ஸ் கார். முந்தி வைத்திருந்தவரும் எங்கள மாதிரி ஒரு பொடியனாய்த்தான் இருந்திருப்பார். ஸ்பிரிங்கை வெட்டிப் பதித்தாரா? சைலென்சரை மாற்றினாரா? மாற்றினால் ஒறிஜினல் பாகங்கள் எங்கே? பதித்த கார் எங்கட ஒழுங்கைகளில் ஓடினால் அடிவயிறு உரஞ்சாமல் இருக்காது, ஆகவே குனிந்து பாருங்கோ. உடுப்பு ஊத்தை பிரண்டால் தோய்க்கலாம். கடற்காத்தும் உவர்த் தண்ணியில் கழுவின பழக்கமும் சேர்ந்தால் கறள் கீழேதான் தொடங்கும். ரயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சில்லின் கோணம் பிழைத்திருக்கு. ரயரில் கடைசி நாலு இலக்கமும் செய்த கிழமையும் வருசமும். பூ நல்லாயிருந்தாலும் பழைய ரயர் பழைய ரயர்தான்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2016, 2017 மே மாதங்களில் களனி பெருகினதை மறந்திருப்போம். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டோம். தண்ணிக்குள்ள நின்ற வாகனங்கள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போகாது. கழுவி, காய வைத்து, வாசம் அடித்து விற்பனைக்கு வரும். சீற் பெல்ற்றைக் கடைசி வரைக்கும் வெளியில் இழுங்கோ. எவ்வளவு கழுவினாலும் அதன் அடிப்பக்கத்தில் சேற்றுக் கோடு தங்கியிருக்கும். சீற்றுக்குக் கீழே இருக்கிற தண்டவாளத்தில் கறள், டிக்கியின் கம்பளத்துக்குக் கீழே மண், கண்ணாடி மூடின விளக்குக்குள்ளே ஈரப்புகை. பார்க்க ஐந்து நிமிசம் போதும்.

கடைசியாக, உங்களுக்குத் தெரிந்த, விற்கிற ஆளுக்குத் தெரியாத ஒரு கராஜ் பாஸிடம் காரைக் கொண்டு போங்கோ. ஸ்கானர் போடச் சொல்லுங்கோ. ஹைபிரிட் என்றால் அதைப் படிக்கிற ஸ்கானர் உள்ள இடமாகப் பாருங்கோ. பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை என்றவுடனே சந்தோசப்பட வேண்டாம். நேற்றுத்தான் அழித்ததா என்றும் கேளுங்கோ. அழித்துக் கொஞ்ச நாள் என்றால் காரின் சுயபரிசோதனைகள் முடியாமல் நிற்கும், அதையும் ஸ்கானரில் பார்க்கலாம்.

இதெல்லாம் இணையத்தில் தேடினால் யாருக்கும் கிடைக்கிறதுதான். பிறகு ஏன் நாங்கள் செய்வதில்லை?

அந்தப் பட்ச் பொடியனோடு நான் காரைப் பார்க்கப் போனேன். விற்கிற மாமா அவனுக்குக் கைகொடுத்து, எனக்குக் கதிரை போட்டார். "தங்கச்சி நீங்கள் இதில இருங்கோ, வெயில்." நான் இருக்கவில்லை. போனற்றில் கை வைத்தேன். சூடு. சீற் பெல்ற்றை இழுத்தேன். மாமா சிரித்துக்கொண்டு அவனிடம் சொன்னார், "இவ என்ன படிக்கிறா? மெக்கானிக்கோ?" கலைப்பீடம் என்று அவன் சொன்னான். அவர் இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

காரில் சேறு ஒன்றும் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். புத்தகத்தைக் கேட்டோம். கொழும்பில் இருக்கு, அட்வான்ஸ் தந்தால் எடுப்பிக்கலாம் என்றார். எங்களுக்குத் தெரிந்த கராஜுக்குக் கொண்டு போகலாமா என்று அவன் கேட்டான். அவன் குரல் நடுங்கினது எனக்குக் கேட்டது. அப்பதான் மாமாவின் முகம் மாறினது. "உன்ர கொம்மாவை எனக்குச் சின்னனில இருந்து தெரியும். நம்பிக்கை இல்லாட்டி வேண்டாம், விடு."

இந்த வசனத்துக்குத்தான் நாங்கள் எல்லாரும் பயம். அண்ணாவும் இதுக்குத்தான் பயந்தார். புத்தகத்தை விரித்துப் பார்த்தால் கூட்டாளி என்ன நினைப்பான் என்ற ஒரு வெட்கத்துக்கு, பெரியம்மாவின் காப்பும் ஐந்து வருசச் சம்பளமும் போயின. நம்பிக்கையும் பரிசோதனையும் எதிரிகள் என்று எங்களுக்கு ஆரோ பழக்கி விட்டிருக்கிறார்கள். கலியாணம் பேசேக்க குறிப்புப் பார்க்கிறோம், காணி வாங்கேக்க உறுதியை லோயரிடம் காட்டுகிறோம், அதில் ஒருத்தரும் கோபிப்பதில்லை. கார் என்றால் மட்டும் ஏன் சொந்தத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்? நல்ல காரை வைத்திருக்கிற ஆளுக்கு அதை இன்னொருத்தர் பார்ப்பதால் ஒரு நட்டமும் இல்லை. பார்க்கத் தந்தால் விலையைக்கூட அவர் நிமிர்ந்து கேட்கலாம்.

அட்வான்ஸ் கொடுக்காமல் வந்தோம். இரண்டு நாளில் அந்தக் காரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அவனுடைய அம்மா, சொந்தத்துக்குள்ள மரியாதையைக் கெடுத்துவிட்டாய் என்று அவனோடு ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவனும் என்னோடு கொஞ்ச நாள் அளந்துதான் கதைத்தான். அந்தக் கார் நல்ல காராகவும் இருந்திருக்கலாம். அது எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு அவ்வளவு காசு கொடுக்கவில்லை என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்ப அவன் இன்னொன்று பார்க்கிறானாம். கையில் இருக்கிற காசு முழுவதையும் காருக்குப் போடாமல் பத்தில் ஒரு பங்கையாவது ரயருக்கும், காப்புறுதிக்கும், பெயர் மாற்றுகிற செலவுக்கும் ஒதுக்கி வை என்று சொல்லியிருக்கிறேன். தலையாட்டினான். நேற்றுப் பின்னேரம் போன் எடுத்து முதல் சொன்னது காரின் நிறத்தை இல்லை.

"புத்தகம் அவையின்ர பெயரிலதான் இருக்கு. நான் பார்த்திட்டன்" என்றான்.